சாமிக்கல்லைச் சுற்றிய கோடு

நெல்லிக்கொட்டாய்க்காரர்கள் யாருக்கும் நேராக நடக்கத் தெரியாது என்று நான் முதலில் முடிவு கட்டினேன். அடுத்து, தமிழரசனுக்குப் போனைப் பிடிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். கடைசியில் தலைக்கு மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். நான் எழுதிய புரோகிராமில் ஏதாவது குறை இருக்குமோ என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் வந்தால் என் யோசனை அந்த வரிசையில்தான் போகும்.

என் பெயர் ஜூலியா. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து வரைபடத்தை வைத்து வேலை செய்கிற ஆப்களை எழுதுகிறேன். அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில், சாப்பாடு கொண்டு போகும் வண்டிகளுக்கு வழி காட்டும் ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நானும் குறைந்தேன். நைனார்பாளையத்தில் அப்பா வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துவிட்டு, பிறகு இந்த மாடி அறையைப் பிடித்தேன்.

கல்வராயன் மலையில் வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு என்னைத் தேடி வந்தது. மலையில் வனம் என்று எழுதப்பட்ட நிலத்தில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு, அந்த நிலத்தின் மேல் உரிமைப் பட்டா கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு அவர்கள் 2005-க்கு முன்பிருந்தே அங்கே பயிர் வைத்தவர்கள் என்று காட்ட வேண்டும். இரண்டு சான்றாவது வேண்டும். நிலத்தின் எல்லையைக் காட்டும் படமும் வேண்டும். அந்தப் படத்துக்குத்தான் நான்.

ஆப் எளிமையானது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வயலின் எல்லையில் ஒரு சுற்று நடந்தால் போதும். கால் போகிற வழியெல்லாம் போன் புள்ளி வைத்துக்கொண்டே வரும். புள்ளிகளைச் சேர்த்தால் எல்லைக்கோடு. அதை என் சர்வர் வாங்கி, வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் வைத்து, பரப்பையும் கணக்குப் போட்டுக் கொடுக்கும். இதில் பாதி வேலையை நான் செய்வதில்லை. அதற்கென்று ஏபிஐ என்கிற சேவைகள் இருக்கின்றன. அப்பா ஆரோக்கியதாஸ் ஒருநாள், “இந்த ஏபிஐ ஏபிஐங்கிறியே, அது இன்னாம்மா?” என்று கேட்டார். “படம் கொண்டாந்து குடுக்க ஒரு ஆளு, கணக்குப் போட ஒரு ஆளு, ரோடு எங்கன்னு சொல்ல ஒரு ஆளுப்பா. நான் அவங்கள வேலை வாங்குற மேஸ்திரி” என்றேன்.

“அப்போ நீ ஒன்னும் செய்யறது இல்ல” என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஆப்பை முதலில் சோதித்தது அவரை வைத்துத்தான். எங்கள் கரும்புக் கொல்லையைச் சுற்றிவரச் சொன்னேன். அழகாகத்தான் நடந்தார். ஆனால் கொல்லைக்குப் போகும் பாதை ஓரத்தில் மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த சின்னக் குகைக் கோயில், ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் புள்ளிகள் ஈ மொய்த்தது போல் குவிந்து கிடந்தன. ஜிபிஎஸ் தடுமாறியிருக்கிறது என்று நினைத்து, அப்படிக் குவிகிற புள்ளிகளைத் தள்ளிவிட ஒரு வடிகட்டி எழுதினேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அமைப்பின் சார்பில் மலைக்குப் போய் அளந்து வருகிறவன் தமிழரசன். சின்னசேலம் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும். எங்கே நிழல் கிடைத்தாலும் அங்கே உட்கார்ந்துவிடுவான் என்பது அவன் மேல் எனக்கு இருந்த பெரிய குறை. அவன் நெல்லிக்கொட்டாய் என்கிற மலை ஊரின் வயல்கள் எல்லாவற்றையும் அளந்து அனுப்பிய அன்றைக்கு, என் சர்வர் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. ஒரே காரணம்தான்: எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டுகிறது.

எல்லை என்பது தரையில் போட்ட கயிற்று வளையம் மாதிரி. அந்தக் கயிறு எங்கேயாவது தன் மேலேயே குறுக்கே விழுந்து முடிச்சாகிவிட்டால், எது உள்ளே, எது வெளியே என்று கணக்குப் போடுகிற சேவைக்குப் புரியாது. கையை விரித்துவிடும். நெல்லிக்கொட்டாயில் வயலுக்கு ஒரு மூலையில் அப்படி ஒரு முடிச்சு இருந்தது. தமிழரசன் மாடிக்கு வந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

“இத்தப் பாரு. எந்த வயலப் பார்த்தாலும் ஒரு மூலையில ஒரு ஜாங்கிரி. பீடி புடிச்சிகினு சுத்துனியா?”

“எனக்குப் பீடிப் பழக்கமே இல்லக்கா.”

“அப்போ யாரு சுத்துனது?”

“நான் நடக்கவே இல்லையே. அவங்க நெலத்த அவங்கதான் நடந்து காட்டணும்னு நீங்கதான சொன்னீங்க. போனை அவங்க கையில குடுத்துட்டு நான் பலா மரத்துக் கீழ உக்காந்துகினு இருந்தேன்.”

அப்படிச் சொன்னது நான்தான். ஆகவே அவனைத் திட்ட வழி இல்லாமல் போனது, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறுவது உண்டு, மலை மடிப்பிலும் தடுமாறும். அதுதான் காரணம் என்று எழுதி வைத்துக்கொண்டு, சின்ன முடிச்சுகளை வெட்டி எடுத்துவிட்டு மீதிக் கோட்டைச் சேர்த்துவிடும்படி இன்னொரு வடிகட்டி எழுதினேன். எல்லா வயலும் நல்ல பிள்ளையாக உள்ளே போயின. பரப்பும் சரியாக வந்தது. நடந்த புள்ளிகளை மட்டும் அப்படியே ஒரு மூலையில் போட்டு வைத்தேன். இதில் பெரிய தொலைநோக்கு எதுவும் இல்லை. பிளாஸ்டிக் டப்பாவைக்கூடத் தூக்கிப்போடாத மார்கரெட்டின் மகள் நான். எதையும் அழிக்க மனசு வராது.

படங்களோடு மனுக்கள் போயின. எல்லாம் ஏற்கப்பட்டன. ஒன்று மட்டும் திரும்பி வந்தது.

அந்த மனுவின் சொந்தக்காரி பெரியநாயகி, முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிலிருந்து இறங்கி எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். இடுப்பில் இருந்த பலாப்பழத்தை என் மேசை மேல், கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்தார்.

“மொதல்ல இத்த எடுத்து வையி. அப்பால பேசலாம்” என்றார்.

நிலம் அவருடைய புருஷன் மாயவனின் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் கையில் இருப்பது. மாயவன் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மற்றவர்களிடம் வனத்துறை போட்ட பழைய அபராத ரசீது, பழைய ரேஷன் அட்டை என்று ஏதாவது ஒன்று இருந்தது. பெரியநாயகியின் கூரை வீடு ஒருமுறை தீப்பிடித்ததில் தகரப் பெட்டியோடு எல்லாம் போய்விட்டது. பக்கத்து வயல்காரப் பெரியவர் செல்லமுத்துவின் வாக்குமூலம் ஒன்றுதான் கையில் இருந்தது. இரண்டாவது சான்று இல்லை. அடுத்த வாரம் நிலத்தை நேரில் பார்க்க அதிகாரிகள் வருவார்கள். அதற்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த நிலம் வனக் கணக்கிலேயே நின்றுவிடும்.

“நின்னுடுச்சின்னா?” என்று கேட்டேன்.

“நின்னுடுச்சின்னா ஏற்காட்டு எஸ்டேட்டுதான். எங்க தங்கச்சி காப்பிப் பழம் பறிக்கப் போனவ, திரும்பி வரவே இல்ல. ஆளு நல்லாத்தான் இருக்கிறா. வர்றதுக்கு இங்க வூடு வாசல் இல்ல. அதான் வரல.”

அவர் இதை அழாமல் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. சென்னையில் என் ஆப் ஒரு மூலையைத் தப்பாகக் காட்டினால் யாருக்கோ பிரியாணி ஆறிப்போகும், அவ்வளவுதான். இங்கே ஒரு மூலை தப்பினால் ஒரு பெண்பிள்ளை வீடு வாசல் இல்லாமல் போவாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் கையில் இருந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். பழைய செயற்கைக்கோள் படங்களைக் கொடுக்கிற சேவைகள் இருக்கின்றன. 2005-க்கு முந்தைய படங்களைத் தேடினேன். சிலவற்றில் மலை முழுக்க மேகம். மேகம் இல்லாதவற்றில் பெரியநாயகியின் நிலம் நாலைந்து கட்டமாகத்தான் தெரிந்தது. பழுப்பு என்றால் பழுப்பு, பச்சை என்றால் பச்சை. அதில் பயிரா புதரா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து கண் பூத்துப் போனது.

“தமிழு, நாளைக்கு நானும் மலைக்கு வர்றேன்” என்றேன். “பழைய கெணறு, கல்லுக்கட்டு, எதுனா இருக்குதான்னு நானே பாக்கணும். நீ நெழல்ல உக்காந்துகினு பார்த்ததெல்லாம் போதும்.”

அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறினேன். நெல்லிக்கொட்டாய்க்கு வண்டி போகாது. கடைசிக் கொஞ்ச தூரம் நடை. ஏறி முடித்தபோது தமிழரசன் மூச்சு வாங்காமல் நின்றான், நான் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “நெழல்ல உக்காரலாமாக்கா?” என்று கேட்டான். உட்கார்ந்தேன்.

நிலத்தில் கிணறு இல்லை. கல்லுக்கட்டு இருந்தது, ஆனால் போன வருஷம் பன்றி தள்ளிவிட்டதால் புதிதாக அடுக்கியது. பலா மரம் ஒன்று இருந்தது, அதை எப்போது யார் வைத்தார்கள் என்று மரம் சொல்லாது. எனக்கு மனசு தளர்ந்துவிட்டது. வந்ததற்கு இன்னொரு முறை எல்லையையாவது நடந்துவிடலாம் என்று, போனைக் கையில் வைத்துக்கொண்டு பெரியநாயகிக்குப் பின்னால் நடந்தேன்.

அவர் பேசிக்கொண்டே போனார். காட்டுப்பன்றி மரவள்ளியைக் குடைகிற கதை. கிழக்கு மூலையில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது, எண்ணெய் ஏறிக் கருத்துப்போன கல். பெரியநாயகி செருப்பைக் கழற்றினார். கல்லை ஒரு சுற்றுச் சுற்றினார். செருப்பைப் போட்டுக்கொண்டு எல்லையில் மேலே நடந்தார். பன்றிக் கதை நடுவில் ஒரு வார்த்தை அறுபடவில்லை. அவருக்குப் பின்னால் போன நானும் அப்படியே சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். கையிலிருந்த போனைப் பார்த்தேன். நீலக் கோட்டில் ஜாங்கிரி விழுந்திருந்தது.

“அக்கா, நில்லுங்க. இப்போ இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்ணேன்? நடந்தேன்.”

“சுத்துனீங்களே.”

“சாமி இருக்குது இல்ல. சுத்தாம தாண்டுவாங்களா?”

“அன்னிக்கு அளக்கும்போதும் சுத்துனீங்களா? போனைக் கையில வெச்சிகினு?”

பெரியநாயகி என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “கையில போன் இருந்தா சாமி இல்லன்னு ஆயிடுமாம்மா?”

நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கெபியைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டு, ஒரு ஜெபத்தை முழுசாகச் சொல்லிவிட்டு நகர்கிற என் அப்பா நினைவுக்கு வந்தார். ஈ மொய்த்த மாதிரி குவிந்த புள்ளிகள், மாதாவுக்கு அவர் சொல்லும் பிரியதத்த மந்திரம். அதைத்தான் நான் வடிகட்டி வைத்துத் தள்ளியிருந்தேன். ஜிபிஎஸ் எங்கேயும் தடுமாறவில்லை.

கல்லைக் கிட்டே போய்ப் பார்த்தேன். நாவல் மரத்தின் வேர் ஒன்று கல்லின் அடிப்பாகத்தைச் சுற்றி ஏறி, பாதியை விழுங்கியிருந்தது.

“இத்த யாரு நட்டாங்க?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும். அவரு தாத்தா காலத்துலயே இருந்துச்சாம். நாலு வூட்டு வெள்ளாமைக் காடு கூடுற எடம் இது. நாலு வூட்டுக்கும் இதான் சாமி. வெதைக்கும்போதும் கும்புடுவோம், அறுக்கும்போதும் கும்புடுவோம்.”

அப்போது தமிழரசன் நிழலிலிருந்து எழுந்து வந்தான். தானாக அவன் நிழலை விட்டு எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அக்கா, சட்ட விதியில இருக்குதுக்கா. சான்று இன்னான்னா காட்டலாம்னு ஒரு வரிசை இருக்குது. பழைய கெணறு, பொதைச்ச எடம், அப்பால வழிபாட்டு எடம். பயிற்சியில சொன்னாங்க.”

“பயிற்சியில நீ தூங்கிகினு இல்ல இருந்த?”

“கண்ணுதான்க்கா மூடி இருந்துச்சு.”

அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. என் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை முதலில் அவனுக்குக் கொடுத்தேன், அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் இறங்கி வரும் வழியிலேயே சந்தேகம் பிடித்துக்கொண்டது. அதிகாரி கேட்கத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம்தான்: மனு திரும்பி வந்த பிறகு நீங்களே ஒரு கல்லை நட்டு, எண்ணெய் தடவி வைக்கவில்லை என்று என்ன நிச்சயம்? நாவல் வேர் இருக்கிறது. அது மட்டும் போதுமா?

மாடிக்கு வந்து, மூலையில் போட்டு வைத்திருந்த புள்ளிகளைத் திறந்தேன். வடிகட்டியை எடுத்துவிட்டு, வெட்டி எறிந்த ஜாங்கிரிகளை எல்லாம் பழையபடி கோட்டில் சேர்த்தேன். அன்றைக்கு நான் ஒவ்வொரு வயலாகத் திறந்து பார்த்துத் திட்டியிருந்தேன். இந்தமுறை நெல்லிக்கொட்டாய் முழுவதையும் ஒரே படத்தில் போட்டேன்.

பிழை என்றால் அங்கங்கே சிதறிக் கிடக்கும். இவை சிதறவில்லை. வயலுக்கு ஒன்றாக எனக்குத் தெரிந்த ஜாங்கிரிகள், ஒரே படத்தில் வைத்ததும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஏழெட்டு இடங்களில் குவிந்தன. நாலு காடு கூடுகிற நாவல் மரத்தடியில் நாலு வளையம். ஒன்று பெரியநாயகி நடந்தது. இன்னொன்று செல்லமுத்து நடந்தது. மற்ற இரண்டும் அடுத்த இரண்டு காட்டுக்காரர்கள் நடந்தது. நாலு பேரும் வேறு வேறு நாளில், வேறு வேறு பக்கத்திலிருந்து வந்து, அதே கல்லைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். புள்ளிகளோடு பதிவான தேதிப்படி எல்லாமே மனு அனுப்புவதற்கு முன்னால். சாமிக்கல் ஒரு சான்று என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஆண்டவரே, இத்தையா நான் குப்பைன்னு வெட்டிப் போட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். நல்லவேளையாக அறையில் யாரும் இல்லை. அம்மா மார்கரெட்டுக்குப் போன் போட்டு, பிளாஸ்டிக் டப்பாக்களை இனிமேல் குறை சொல்ல மாட்டேன் என்றேன். “உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டாள்.

நேரில் பார்க்க வந்தவர்களில் நில அளவை அதிகாரி அரங்கநாதன். திருக்கோவிலூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவரோடு வனத்துறையிலிருந்து ஒருவரும் வருவாய்த்துறையிலிருந்து ஒருவரும் வந்தார்கள். மலை ஏறியதில் எல்லோருக்கும் வேர்த்திருந்தது. பெரியநாயகி மோர் கொடுத்தார். நான் படத்தை நீட்டினேன்.

அரங்கநாதன் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல யாரு வேணும்னாலும் கோடு போடலாமேம்மா” என்றார். குரலில் கிண்டல் இல்லை.

“போடலாம் சார்” என்றேன். அவர் வேலையில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

“நாங்க எங்க மெஷினை வெச்சி நடந்து பாக்குறோம். அந்தம்மா முன்னால போவட்டும்.”

பெரியநாயகி முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் அலுவலக ஜிபிஎஸ் கருவியோடு அரங்கநாதன், அவருக்குப் பக்கத்தில் வனத்துறைக்காரர். கடைசியில் நானும் தமிழரசனும். அன்றைக்கு தமிழரசன் எங்கேயும் உட்காரவில்லை. பெரியநாயகியும் அன்றைக்குப் பன்றிக் கதை எதுவும் சொல்லவில்லை, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நடந்தார். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவள் இந்த மலை வரைக்கும் வருவாளா என்ற கேள்வியெல்லாம் எனக்கு எழவில்லை.

கிழக்கு மூலை வந்தது. பெரியநாயகி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். அரங்கநாதன் வனத்துறைக்காரரிடம் வேலி பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டபடியே குனிந்து ஷூவைக் கழற்றினார். கல்லை ஒரு சுற்றுச் சுற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஷூவை மாட்டிக்கொண்டு, வேலிக்கு என்ன பதில் என்று மறுபடி கேட்டார்.

தமிழரசன் என் கையைக் கிள்ளினான்.

புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் அவர் கருவியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “இன்னா இது, கெழக்கால ஒரு முடிச்சு விழுந்திருக்குது?”

“நீங்க நடந்த வழிதான் சார்” என்றேன்.

அவர் கருவியைப் பார்த்தார். என் படத்தைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலு வளையம் இருந்த இடத்திலேயே ஐந்தாவது. பிறகு நாவல் மரத்துக்குத் திரும்பி நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். உட்கார்ந்து, கல்லை விழுங்கியிருந்த வேரை விரலால் தட்டிப் பார்த்தார். வனத்துறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, “பழசுதான் சார். இந்த வேரு நேத்து முந்தாநேத்து ஏறினது இல்ல” என்றார்.

அரங்கநாதன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“நான் சுத்துனது கணக்குல வராதும்மா” என்றார் என்னிடம். “இந்த நாலு பேரு சுத்துனது வரும். இந்த வேரும் வரும். வழிபாட்டு எடம், பழமையானதுன்னு எழுதிக்கிறேன்.”

பெரியநாயகிக்கு அவர் சொன்னது உடனே புரியவில்லை. தமிழரசன் மெதுவாக எடுத்துச் சொன்னான். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு நாள் அழாதவர் அங்கே நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க நான் தமிழரசனை எதற்கோ அதட்டினேன்.

இறங்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “சார், கணக்குல வராதுன்னு தெரிஞ்சும் நீங்க ஏன் சுத்துனீங்க?”

அவர் திரும்பிப் பார்த்த பார்வை பெரியநாயகி அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

“சாமி இருக்குதேம்மா” என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியநாயகிக்குப் பட்டா வந்தது. என் ஆப்பில் இப்போது அந்த இரண்டு வடிகட்டிகளும் இல்லை. எங்கேயாவது கோடு சுற்றினாலோ புள்ளி குவிந்தாலோ, பரப்புக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்தவரிடமே கேட்கிறது: இந்த இடத்தில் என்ன இருக்கிறது? சாமி, கிணறு, புதைத்த இடம், நிழல் என்று பதில்கள் வருகின்றன. நிழல் என்கிற பதிலைத் தமிழரசன்தான் சேர்க்கச் சொன்னான். அப்பாவின் கரும்புக் கொல்லைப் படத்தில் கெபியைக் குறித்துவைத்திருக்கிறேன். சென்னையில் வேலை போன அன்றைக்கு நான் யார் யாரையோ சபித்தேன். இன்றைக்கு அந்த மாடி அறையில் உட்காரும்போதெல்லாம், என்னை இங்கே அனுப்பிவைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. இதை மனசாரச் சொல்கிறேன்.

பட்டா கைக்கு வந்த அன்றைக்குப் பெரியநாயகி பாறை மேல் ஏறி, சிக்னல் பிடித்து, எனக்குப் போன் செய்தார். காற்று இரைச்சலில் அவர் உரத்த குரல்கூட விட்டுவிட்டுத்தான் கேட்டது.

“கல்லுக்கு எண்ணெ ஊத்தி, சாமைப் பொங்கல் வெச்சேன். உன் பேரச் சொல்லி ஒரு சுத்து சுத்தினேன்.”

“எம் பேரு ஜூலியாக்கா” என்றேன். “உங்க சாமிக்கு இந்தப் பேரெல்லாம் தெரியுமா?”

“நான் இப்பத்தான் சொன்னேன் இல்ல?” என்றார் பெரியநாயகி. “இனிமே தெரியும்.”